சங்கிலியை உடைக்கச் சொன்னாரா ரூசோ?

"மனிதன் சுதந்திரமாகப் பிறக்கிறான், ஆனால் எங்கும் சங்கிலிகளில் கிடக்கிறான்." 18-ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி ழான் ழாக் ரூசோ 1762-இல் வெளியிட்ட 'சமூக ஒப்பந்தம்' நூலின் முதல் அத்தியாயம் இப்படித் தொடங்குகிறது. மேடைப் பேச்சிலும் பள்ளிப் பாடத்திலும் இந்த வரி தவறாமல் வந்துவிடும். சங்கிலியை உடைத்தெறியச் சொல்லும் அறைகூவலாகவே பெரும்பாலோர் இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

அதே பத்தியில் அடுத்து வரும் வரிகளை யாரும் சொல்வதில்லை. "பிறருக்குத் தானே எசமானன் என்று நம்புகிறவன் அவர்களைவிடப் பெரிய அடிமையாக இருக்கிறான். இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது? எனக்குத் தெரியாது. அதை நியாயமானதாக ஆக்கக்கூடியது எது? அதற்கு விடை சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்." நூல் எதைப் பற்றியது என்பது இங்கேதான் தெரிகிறது. எந்தக் கட்டு நியாயமானது, எது நியாயமற்றது என்பதே ரூசோவின் கேள்வி. கட்டே இல்லாத வாழ்வை அவர் எவருக்கும் வாக்களிக்கவில்லை.

ரூசோவைப் பற்றிய குழப்பங்கள் இப்படித்தான் பிறக்கின்றன. ஒருவர் அவரை மக்களாட்சியின் தந்தை என்கிறார். இன்னொருவர் சர்வாதிகாரத்தின் தந்தை என்கிறார். காட்டுக்குத் திரும்பச் சொன்னவர் என்றும், தனிமனிதனை அரசுக்குப் பலியிட்டவர் என்றும் ஒரே ஆளைப் பற்றிப் பேசுகிறார்கள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? மனித இயல்பு, சுதந்திரம், அறம் என்ற மூன்றையும் தனித்தனியே எடுத்துப் படித்தால் ரூசோ முரண்பாடுகளின் மூட்டையாகத்தான் தெரிவார். மூன்றையும் கோக்கும் இழை ஒன்று உண்டு. அதற்குப் பெயர் சார்பு: ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் விருப்பத்தை நம்பி வாழ நேர்கிற நிலை.

பின்னணி: 1749, வேன்சேன் சாலை

ரூசோ 1712-இல் ஜெனிவாவில் பிறந்தார். தந்தை கடிகாரத் தொழிலாளி. பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்துவிட்டார். செதுக்கு வேலை செய்யும் ஒருவரிடம் தொழில் பழகிய சிறுவன், 1728-இல் ஒரு மாலை ஊருக்கு வெளியே சென்று திரும்பும்போது நகரக் கோட்டைக் கதவுகள் மூடியிருந்ததைக் கண்டு, அப்படியே ஊரைவிட்டு வெளியேறினான். அப்போது வயது 15. அதன்பின் பல வீடுகளில் பிறரை அண்டி வாழ்ந்தார்: பணியாளாக, எழுத்தராக, இசை ஆசிரியராக, வெனிஸில் பிரெஞ்சுத் தூதரின் செயலராக. பிறர் தயவில் வாழ்வது மனிதனை என்ன செய்யும் என்று அவர் எழுதிய பக்கங்களுக்குப் பின்னால் இந்த ஆண்டுகள் இருக்கின்றன.

1749-இல் அவருடைய நண்பரும் தத்துவ எழுத்தாளருமான தீதரோ, எழுதிய எழுத்துக்காக வேன்சேன் கோட்டையில் அடைக்கப்பட்டிருந்தார். அவரைப் பார்க்கப் பாரிஸிலிருந்து நடந்து போகும் வழியில் ரூசோ ஓர் இதழைப் புரட்டினார். திஜோன் கலைக்கழகம் கட்டுரைப் போட்டி ஒன்றை அறிவித்திருந்தது: அறிவியலும் கலைகளும் மறுமலர்ச்சி பெற்றது ஒழுக்கத்தைத் தூய்மைப்படுத்த உதவியதா? அந்த நூற்றாண்டு எதிர்பார்த்த விடை 'ஆம்'. ரூசோ 'இல்லை' என்று எழுதினார்; 1750-இல் பரிசும் பெற்றார். பகுத்தறிவையும் முன்னேற்றத்தையும் கொண்டாடிய அறிவொளிக் காலத்தின் நடுவில் நின்றுகொண்டு அந்தக் காலத்தின் பெருமிதத்தைக் கேள்வி கேட்டவர் என்ற பெயர் அன்று கிடைத்தது, இன்றும் நிலைத்திருக்கிறது.

மனித இயல்பு: உரித்து எடுத்தால் மிஞ்சுவது என்ன?

1755-இல் வெளிவந்த, சமமின்மையின் தோற்றம் பற்றிய கட்டுரையில்தான் ரூசோவின் மனிதக் கோட்பாடு முழுமையாக இருக்கிறது. அவர் எதிர்கொண்டது ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸின் சித்திரத்தை. அரசு இல்லாத நிலையில் மனிதர்கள் ஒருவரோடொருவர் ஓயாமல் போரிடுவார்கள், அந்த வாழ்வு தனிமையும் வறுமையும் கொடுமையும் நிறைந்து சீக்கிரம் முடியும் என்று ஹாப்ஸ் 1651-இல் எழுதியிருந்தார்.

ரூசோவின் மறுப்பு கூர்மையானது. இந்தத் தத்துவவாதிகள் காட்டு மனிதனைப் பற்றிப் பேசினார்கள், வரைந்து காட்டியதோ நாட்டு மனிதனை என்றார். பேராசை, கர்வம், பழிவாங்கும் வெறி ஆகியவை சமூகத்தில் பழகிப் பெற்றவை. அவற்றைப் பிறவிக் குணமாகக் காட்டினால், 'ஆகவே இரும்புக் கை கொண்ட அரசு வேண்டும்' என்ற முடிவு தானாக வந்துவிடும். முடிவை முன்பே பைக்குள் வைத்துக்கொண்டு தேடுவது போன்றது அது.

சமூகம் சேர்த்ததையெல்லாம் உரித்துவிட்டால் எஞ்சுபவை, ரூசோவின் கணக்கில், நான்கு:

1. தன்னைக் காத்துக்கொள்ளும் அன்பு. பசித்தால் உண்பது, ஆபத்து வந்தால் விலகுவது. இதற்குப் பிறர் தோற்க வேண்டிய அவசியம் இல்லை.

2. இரக்கம். உயிருள்ள உடலை மிதிக்கக் குதிரைகள்கூடத் தயங்குகின்றன என்கிறார். இரக்கம் சிந்தனைக்கு முந்தியது. சொல்லப்போனால் சிந்தனைதான் அதைக் கெடுக்கிறது: தன் சன்னலுக்குக் கீழே ஒருவன் கொல்லப்படும்போது காதைப் பொத்திக்கொண்டு தனக்குத்தானே கொஞ்சம் வாதாடினால் போதும், தத்துவவாதியால் தூங்க முடிகிறது.

3. தெரிவு செய்யும் ஆற்றல். தட்டு நிறைய நல்ல இறைச்சி இருந்தாலும் பக்கத்திலேயே புறா பட்டினியால் சாகும். பழக் குவியலின் மேல் பூனை சாகும். இயற்கை எழுதிய விதியை அவற்றால் மீற முடியாது. மனிதனால் முடியும், தனக்குக் கேடு வந்தாலும் முடியும்.

4. தன்னை வளர்த்துக்கொள்ளும் திறன். ஒரு விலங்கு சில மாதங்களில் ஆகவேண்டியதாக ஆகிவிடுகிறது. அதன் இனம் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கிறது. மனிதன் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறான். இந்தத் திறனே அவனுடைய எல்லாத் துன்பங்களுக்கும் ஊற்று என்று ரூசோ சேர்த்துக்கொள்கிறார்.

'மனிதன் இயல்பில் நல்லவன்' என்ற புகழ்பெற்ற கூற்றின் பொருள் இவ்வளவுதான். காட்டில் புனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. நல்லது கெட்டது என்ற எண்ணமே எழாத உயிர் அது. பிறரைத் துன்புறுத்தக் காரணம் இல்லாத உயிர். 'உன்னதக் காட்டுமனிதன்' என்ற தொடரை ரூசோ எங்கும் கையாளவில்லை. ஆங்கிலக் கவிஞர் டிரைடன் 1672-ஆம் ஆண்டு நாடகம் ஒன்றில் எழுதியது அது. இயற்கை நிலை என்பது இன்று இல்லாதது, ஒருவேளை என்றுமே இருந்திராதது, இனியும் அநேகமாக வராதது என்று முன்னுரையிலேயே ரூசோ எச்சரிக்கிறார். அளவு பார்க்க ஒரு கோல் வேண்டும். அதற்காக அவர் செய்துகொண்ட கோல் அது. அதே கட்டுரையின் பின்குறிப்பு ஒன்றில், 'அப்படியானால் சமூகத்தை அழித்துவிட்டு மீண்டும் கரடிகளோடு காட்டில் வாழப் போக வேண்டுமா?' என்று கேட்டு, அப்படி முடிவுக்கு வருவது தன் எதிராளிகளின் வழக்கம் என்று அவரே எழுதியிருக்கிறார். பிரெஞ்சு எழுத்தாளர் வால்தேர் அதைப் பொருட்படுத்தவில்லை. நூலைப் படித்ததும் நான்கு காலில் நடக்க ஆசை வருகிறது என்று கடிதம் எழுதினார். அந்தக் கிண்டல் நூலைவிட அதிகம் பேரைச் சென்றடைந்துவிட்டது.

மரத்தடியில் தொடங்கிய கேடு

இயல்பில் நல்லவனாக இருந்தால் இன்று ஏன் இப்படி இருக்கிறான்? இதற்கு ரூசோ தரும் விடைதான், என் மதிப்பீட்டில், அவர் எழுதியவற்றிலேயே ஆழமானது.

குடும்பங்கள் குடிசை கட்டி அருகருகே வாழத் தொடங்குகின்றன. மாலையில் பெரிய மரத்தைச் சுற்றிக் கூடுகிறார்கள், பாட்டு, ஆட்டம். அங்கே ஒவ்வொருவரும் மற்றவர்களைப் பார்க்கிறார்கள்; தன்னையும் மற்றவர்கள் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறார்கள். நன்றாகப் பாடுகிறவன், அழகாக ஆடுகிறவள், வலுவானவன், பேச்சில் வல்லவன் ஆகியோர் மேலாக மதிக்கப்படுகிறார்கள். சமமின்மைக்கும் தீய குணத்துக்கும் அதுவே முதல் படி என்கிறார் ரூசோ.

இங்கே பிறக்கும் உணர்ச்சிக்கு அவர் தரும் பெயர் 'அமூர் ப்ரோப்ர்'. தமிழில் தன்முனைப்பு எனலாம். முன்பு சொன்ன தற்காப்பு அன்பிலிருந்து இது வேறு. தற்காப்பு அன்பு வயிறு நிறைந்தால் அடங்கும். தன்முனைப்பு ஒப்பீட்டில் வாழ்வது. நான் மேலே போக இன்னொருவன் கீழே இருக்க வேண்டும் என்பதால் அதற்கு நிறைவே கிடையாது. என்னை நான் எப்படி மதிக்கிறேன் என்பதே பிறர் கண்ணில் அடகு வைக்கப்பட்டுவிடுகிறது. காட்டு மனிதன் தனக்குள் வாழ்கிறான், சமூக மனிதன் எப்போதும் தனக்கு வெளியே, பிறருடைய கருத்தில் வாழ்கிறான் என்று அந்தக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் எழுதுகிறார்.

ஆனால் தன்முனைப்பு முழுக்க நஞ்சு என்று அவர் முடிவு கட்டவில்லை. மனிதரிடையே உள்ள சிறந்தவையும் இழிந்தவையும் இந்தத் தவிப்பிலிருந்தே வந்தவை என்று ஒப்புக்கொள்கிறார். அதை எந்த வாய்க்காலில் திருப்புவது என்பதே பின்னர் அவர் எழுதிய அரசியலும் கல்வியும்.

பின்பு உலோகத் தொழிலும் உழவும் வருகின்றன. இரும்பும் கோதுமையும் மனிதரை நாகரிகப்படுத்தி மனித இனத்தைக் கெடுத்தன என்பது அவர் வாக்கு. ஒரு நிலத்துக்கு வேலி போட்டு 'இது என்னுடையது' என்று முதன்முதலில் சொன்னவன், அதை நம்பும் அளவுக்கு வெகுளிகளையும் கண்டுபிடித்தவன், அவனே நாட்டுச் சமூகத்தின் உண்மையான நிறுவனர். உடைமை உள்ளவன் தன் உடைமைக்கு அஞ்சுகிறான். அவன் ஏழைகளிடம் சென்று, 'நாம் எல்லோரும் ஒன்றுசேர்ந்து சட்டம் செய்வோம், அது எல்லோரையும் காக்கும்' என்கிறான். சுதந்திரம் உறுதியாகிவிடும் என்று நம்பி, எல்லோரும் தங்கள் சங்கிலிகளை நோக்கி ஓடினார்கள். 1755-இல் சொன்னது இந்தப் போலி ஒப்பந்தத்தின் கதை. உண்மையான ஒப்பந்தம் எப்படி இருக்க வேண்டும் என்று 1762-இல் சொன்னார்.

இருவகைச் சார்பு

'சமூக ஒப்பந்தம்' வெளிவந்த சில வாரங்களில் வெளியான கல்வி நூல் 'எமீல்'. அதன் இரண்டாம் பகுதியில் ஒரு வேறுபாட்டை ரூசோ வகுக்கிறார். மற்ற எல்லாவற்றுக்கும் திறவுகோல் இதுவே:

1. பொருள்களைச் சார்ந்திருத்தல். மழை, குளிர், பசி, தூரம். இது இயற்கையிலிருந்து வருவது. இதில் ஒழுக்கக் கேடு இல்லை. சுதந்திரத்துக்கும் தீங்கு இல்லை.

2. மனிதர்களைச் சார்ந்திருத்தல். இது சமூகத்திலிருந்து வருவது. ஒழுங்கற்றது என்பதால் எல்லாத் தீய குணங்களும் இதிலிருந்தே முளைக்கின்றன. எசமானனும் அடிமையும் ஒருவரையொருவர் கெடுக்கிறார்கள்.

அவர் தரும் எடுத்துக்காட்டு: சிறுவன் தன் அறைச் சன்னலை உடைத்துவிடுகிறான். திட்ட வேண்டாம், சன்னலைச் சரிசெய்யவும் வேண்டாம். இரவும் பகலும் காற்று அடிக்கட்டும். அவன் மூடனாவதைவிடச் சளி பிடிப்பது மேல். காற்றுக்கு யாரிடமும் பகை இல்லை. அதைக் கெஞ்சவோ ஏமாற்றவோ முடியாது. 'அப்பா கோபப்படுவார்' என்று பயந்து திருந்தும் பிள்ளை திருந்துவதில்லை. அப்பாவின் முகம் பார்க்கக் கற்றுக்கொள்கிறான். பொய்யும் முகத்துதியும் வஞ்சகமும் அந்த முகம் பார்த்தலில் தொடங்குகின்றன.

அடுத்து அரசியலுக்குத் தாவுகிறார். ஒரு நாட்டின் சட்டங்கள் இயற்கையின் விதிகளைப் போல எந்த மனித சக்தியாலும் வளைக்க முடியாதவையாக ஆகிவிட்டால், மனிதரைச் சார்ந்திருத்தல் மீண்டும் பொருளைச் சார்ந்திருத்தல் போல ஆகிவிடும். அதிகாரியின் மனநிலை, பண்ணையாரின் தயவு, பெரிய மனிதரின் சிபாரிசு எதையும் நம்பியிராமல், எல்லோர் மீதும் ஒரே கனத்தில் விழும் சட்டம் ஒன்றை மட்டும் நம்பி வாழ்வது. ரூசோ தேடிய சுதந்திரம் அதுதான்.

சுதந்திரம் எத்தனை வகை?

'சமூக ஒப்பந்தம்' முதல் பகுதி, எட்டாம் அத்தியாயம் மூன்று வகைகளைப் பிரிக்கிறது. இயற்கைச் சுதந்திரம்: எட்டியதையெல்லாம் எடுத்துக்கொள்ளும் வரம்பற்ற உரிமை, ஆனால் நம் கைவலு உள்ளவரைதான். குடிமைச் சுதந்திரம்: பொது விருப்பத்தால் வரையறுக்கப்பட்டது, அதனாலேயே பாதுகாக்கப்பட்டது. மூன்றாவதை அவர் இரண்டே வரிகளில் சொல்லி நகர்ந்துவிடுகிறார். ஆனால் ஐரோப்பியச் சிந்தனையைத் திருப்பிய வரிகள் அவை: வெறும் ஆசையின் உந்துதலுக்கு ஆட்படுவது அடிமைத்தனம். தனக்குத் தானே விதித்த சட்டத்துக்குக் கீழ்ப்படிவது சுதந்திரம். இதற்கு அறச் சுதந்திரம் என்று பெயர்.

1764-இல் எழுதிய 'மலையிலிருந்து கடிதங்கள்' நூலில் இன்னும் தெளிவாகச் சொல்கிறார்: சுதந்திரம் என்பது தன் விருப்பப்படி செய்வது என்பதைவிட, பிறர் விருப்பத்துக்கு உட்படாமல் இருப்பது, பிறர் விருப்பத்தை நம் விருப்பத்துக்கு உட்படுத்தாமல் இருப்பதும் அதில் அடங்கும். எசமானனாக இருப்பவன் எவனும் சுதந்திரமானவனாக இருக்க முடியாது.

பொது விருப்பம் என்றால் என்ன?

ரூசோ விடுவிக்க முயன்ற சிக்கல் இது: ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் சேர்ந்த பிறகும், தனக்கு மட்டுமே கீழ்ப்படிந்து, முன்போலவே சுதந்திரமாக இருக்கும்படியான கூட்டமைப்பு எது?

அவருடைய விடையைப் புரிந்துகொள்ள, அவர் நூலில் இல்லாத ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தின் தோர்பெல் என்ற மலைக் கிராமத்துக்குப் பொது மேய்ச்சல் நிலம் உண்டு. தனக்கு எத்தனை மாடு சாத்தியமோ அத்தனையையும் ஓட்டிவிடத்தான் ஒவ்வொருவருக்கும் ஆசை. இந்த ஆசைகளைக் கூட்டினால் கிடைப்பது ரூசோ 'அனைவரின் விருப்பம்' என்று அழைப்பது. அதன்படி நடந்தால் இரண்டு கோடைகளில் புல் இருக்காது. ஆனால் அதே ஆட்கள், மேய்ச்சல் நிலத்தின் பங்காளிகள் என்ற முறையில் யோசித்தால், வேறொன்றை விரும்புவார்கள்: புல் நிலைக்க வேண்டும். 1517-இல் அந்த ஊர் ஒரு விதியை எழுதிவைத்தது. குளிர்காலத்தில் தன் வைக்கோலில் எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அதற்கு மேல் ஒரு மாட்டையும் கோடையில் மேய்ச்சலுக்கு அனுப்பக் கூடாது. இது பொது விருப்பத்துக்கு நெருக்கமானது. உலகில் மிக மகிழ்ச்சியான மக்களிடையே உழவர் கூட்டங்கள் ஓக் மரத்தடியில் அமர்ந்து நாட்டு விவகாரங்களை அறிவோடு தீர்ப்பதைப் பற்றி ரூசோவும் நான்காம் பகுதியில் எழுதுகிறார். அவர் மனத்தில் இருந்த அரசியல் சமூகம் அந்த அளவுடையது.

ஒரு முடிவு பொது விருப்பம் என்ற பெயருக்குத் தகுதி பெற அவர் வைக்கும் நிபந்தனைகள் கடுமையானவை.

1. எல்லோரிடமிருந்தும் வர வேண்டும். சட்டம் செய்யும் உரிமையைப் பிரதிநிதிகளுக்குக் கைமாற்ற முடியாது. ஆங்கிலேயர் தாம் சுதந்திரமானவர்கள் என்று நினைக்கிறார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டுமே அப்படி, தேர்தல் முடிந்ததும் அடிமைகள் என்றார்.

2. எல்லோர் மீதும் விழ வேண்டும். சட்டம் சலுகைகளை உண்டாக்கலாம். இன்னாருக்கு என்று பெயர் சொல்லி வழங்க முடியாது. தன் மேலும் விழும் என்று தெரிந்தால் யாரும் அனாவசியமாகச் சுமையை ஏற்ற மாட்டார்கள்.

3. செல்வ வேறுபாடு எல்லை மீறக் கூடாது. இன்னொரு குடிமகனை விலைக்கு வாங்கும் அளவுக்கு எவரும் செல்வராகவும், தன்னை விற்றுக்கொள்ள நேரும் அளவுக்கு எவரும் ஏழையாகவும் இருக்கக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையைப் பலர் பொருளாதார அறிவுரையாக ஒதுக்கிவிடுகிறார்கள். அது சுதந்திரத்தைப் பற்றிய நிபந்தனை. விலைபோகும் நிலையில் இருப்பவனின் வாக்கு, வாங்குகிறவனின் விருப்பத்தையே திரும்பச் சொல்லும்.

அச்சமூட்டும் அந்த வாக்கியம்

பொது விருப்பத்துக்குக் கீழ்ப்படிய மறுப்பவனை முழுச் சமூகமும் கட்டாயப்படுத்தும். அதற்குப் பொருள், 'அவன் சுதந்திரமாக இருக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவான்' என்பதே. முதல் பகுதியின் ஏழாம் அத்தியாயத்தில் உள்ள இந்த வாக்கியம்தான் ரூசோ மீதான வழக்கின் முதல் சாட்சி. 1819-இல் அரசியல் சிந்தனையாளர் பாஞ்சமன் கோன்ஸ்தானும், 1952-இல் வானொலி உரைகளில் பிரிட்டிஷ் தத்துவவாதி ஐசையா பெர்லினும் இந்தச் சிந்தனையில் கொடுங்கோன்மையின் விதையைக் கண்டார்கள்.

வாக்கியம் அங்கே முடியவில்லை. ஏனெனில், ஒவ்வொரு குடிமகனையும் நாட்டுக்குக் கொடுப்பதன் மூலம் அவனை எல்லாத் தனிமனிதச் சார்பிலிருந்தும் காப்பாற்றும் நிபந்தனை இதுவே என்று தொடர்கிறது. ஒருவனுக்கு மட்டும் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்தால், மற்றவர்கள் அவன் விருப்பத்துக்கு ஆட்பட்டவர்கள் ஆகிறார்கள். அவனும் எசமானன் என்ற அடிமை நிலைக்குப் போகிறான். தோர்பெலில் ஒரு பணக்காரன் மட்டும் மாடுகளைக் கூடுதலாக ஓட்ட விட்டால், மற்றவர்கள் அவனிடம் போய் நிற்க வேண்டிவரும். அதைத் தடுக்கும் கட்டாயம் அவர்களுடைய சுதந்திரத்தின் விலை.

இப்படிப் படித்தால் வாக்கியத்தின் கொடூரம் பெருமளவு குறைகிறது. ஆயினும் முழுவதும் நீங்குவதில்லை. ரூசோ சட்டத்தின் வடிவத்துக்கு நிபந்தனை வைத்தார். ஆனால் பொது விருப்பத்தின் பெயரால் பொய் சொல்கிறவனைப் பிடிக்கத் தனிமனிதன் கையில் போதுமான கருவி எதையும் தரவில்லை. நாட்டுக்கு ஒரு குடிமை மதம் வேண்டும் என்றும், அதன் கோட்பாடுகளை வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட பிறகு அவற்றை நம்பாதவன்போல் நடப்பவனுக்கு மரண தண்டனை என்றும் நான்காம் பகுதியில் எழுதிய பக்கத்தை எந்த விளக்கத்தாலும் நியாயப்படுத்த முடியாது. அது பிழை.

அறம்: நல்லவனுக்கும் அறவோனுக்கும் உள்ள தூரம்

இயல்பான நற்குணம் வேறு, அறம் வேறு என்பதில் ரூசோ உறுதியாக இருந்தார். காட்டு மனிதன் நல்லவன், அறவோன் அல்லன். அறத்துக்கு எதிர்ப்பு வேண்டும். வெல்ல வேண்டிய ஆசை ஒன்று உள்ளே இருக்க வேண்டும்.

'எமீல்' நூலின் கடைசிப் பகுதியில் இளைஞன் எமீல், சோபி மீது தீராக் காதலில் இருக்கிறான். அந்த நேரம் பார்த்து ஆசிரியர் அவளைப் பிரிந்து பயணம் போகச் சொல்கிறார். அப்போது சொல்வது: போராட்டம் இல்லாமல் அறம் இல்லை. அறம் என்னும் சொல்லே வலிமை என்பதிலிருந்து வந்தது (பிரெஞ்சுச் சொல்லின் வேரை அவர் குறிப்பிடுகிறார்). இயல்பில் பலவீனமாகவும் மன உறுதியில் வலிமையாகவும் உள்ள உயிருக்கே அறம் உரியது. கடவுளை நல்லவர் என்கிறோம், அறவோர் என்பதில்லை. நன்மை செய்ய அவருக்கு முயற்சி தேவையில்லை.

இப்போது அறச் சுதந்திரம் பற்றிய வரியோடு இதைச் சேர்த்துப் பார்க்கலாம். தன் ஆசைக்கும் தன்முனைப்புக்கும் ஆட்பட்டவன், பிறர் கண்ணுக்கு ஆட்பட்டவன். வெளியே எசமானன் இல்லாவிட்டாலும் உள்ளே ஒருவனை அவன் தூக்கித் திரிகிறான். அந்த உள் எசமானனை வென்றவனே அறவோன். ஆகவே ரூசோவிடம் அறமும் சுதந்திரமும் ஒரே வெற்றியின் இரண்டு பெயர்கள். இதனாலேயே நல்ல சட்டம் இல்லாத இடத்தில் அறத்தைப் போதிப்பது பயனற்றது என்றும் நினைத்தார். தீய குணங்கள் மனிதனுக்கு உரியவை என்பதைவிட, தவறாக ஆளப்பட்ட மனிதனுக்கு உரியவை என்று 1753-இலேயே எழுதியிருக்கிறார்.

நூல்கள் எரிந்த பிறகு

1762 ஜூனில் பாரிஸ் உயர்மன்றம் 'எமீல்' நூலை எரிக்க ஆணையிட்டு, ஆசிரியரைக் கைதுசெய்யவும் உத்தரவிட்டது. காரணம் அதில் வரும் சமயப் பகுதி: ஒரு கிராமப் பாதிரியார், திருச்சபையின் அதிகாரத்தைத் தாண்டி மனச்சான்றைக் கேட்கச் சொல்கிறார். சில நாட்களில் ஜெனிவா இரண்டு நூல்களையும் எரித்தது. நூல் முகப்புகளில் 'ஜெனிவாவின் குடிமகன்' என்று பெருமையோடு ஒப்பமிட்டவர், மறு ஆண்டு அந்தக் குடியுரிமையைத் துறந்தார். 1765-இல் மோத்தியே கிராமத்தில் அவர் வீட்டின் மீது கல்லெறிந்தார்கள். 1778-இல் எர்மெனோன்வில்லில் இறந்தார்.

அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின், 1789-ஆம் ஆண்டு பிரெஞ்சு மனித உரிமைப் பிரகடனத்தின் ஆறாம் பிரிவு, 'சட்டம் என்பது பொது விருப்பத்தின் வெளிப்பாடு' என்று தொடங்கியது. பிரெஞ்சுப் புரட்சித் தலைவர்களில் ஒருவரான ரோபெஸ்பியேர் ரூசோவைக் குருவாகக் கொண்டார். 1794 ஜூலையில் ரோபெஸ்பியேரைக் கவிழ்த்து, அவர் தலையை வெட்டியவர்களும், அதே ஆண்டு அக்டோபரில் ரூசோவின் உடலெச்சங்களைப் பாரிஸில் பெரியோர் அடக்கம் செய்யப்படும் பாந்தியோனுக்கு ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். புரட்சியின்போது ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்ட பயங்கர ஆட்சிக்கு ரூசோவே பொறுப்பு என்று ஒரே வரியில் தீர்ப்பெழுதுகிறவர்கள் இந்த ஊர்வலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கோனிக்ஸ்பெர்க்கில் ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட் வீட்டுச் சுவரில் ஒரே ஒரு படம்தான் இருந்தது, அது ரூசோவுடையது. அறிவில்லாத பாமரரை இகழ்ந்து வந்த தன்னை ரூசோ திருத்தினார், மனிதர்களை மதிக்கக் கற்றுக்கொண்டேன் என்று காண்ட் குறித்து வைத்திருக்கிறார். தனக்குத் தானே சட்டம் விதித்துக்கொள்ளும் மனிதன் என்ற காண்டின் அறக்கோட்பாடு, அந்த எட்டாம் அத்தியாய வரியிலிருந்து வளர்ந்தது.

தன் அளவுகோலில் தானே தவறியவர்

ரூசோவின் சொந்த வாழ்க்கையை வைத்து அவரைத் தள்ளிவிடுவது எளிது. தெரேஸ் லெவசேரோடு வாழ்ந்து பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை இல்லத்தில் விட்டவர்தான் குழந்தை வளர்ப்புக்கு நூல் எழுதினார். அதை மன்னிக்க முடியாது. ஆனால் அது அவருடைய வாதத்தைப் பொய்யாக்கிவிடாது.

வாதத்துக்குள்ளேயே உள்ள பிளவுதான் முக்கியம். ஒரு மனிதன் தன் சுதந்திரத்தைத் துறப்பது மனிதத் தன்மையையே துறப்பது என்று எழுதிய அடிமைத்தனம் பற்றிய அத்தியாயத்தில், அதே நேரம் பிரெஞ்சுக் காலனிகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்த ஆப்பிரிக்கரைப் பற்றி ஒரு சொல் இல்லை. 'எமீல்' நூலில் ஆண்பிள்ளை யாருடைய முகத்தையும் பார்த்து வாழக் கூடாது என்று நான்கு பகுதிகளில் பாடுபட்டுவிட்டு, ஐந்தாம் பகுதியில் சோபி ஆணுக்கு இனியவளாக இருக்கப் பழக வேண்டும், ஊரார் கருத்துக்கு அஞ்சி நடக்க வேண்டும் என்கிறார். மனிதரைச் சார்ந்திருத்தல் எல்லாத் தீய குணங்களையும் விளைவிக்கும் என்று கண்டுபிடித்தவரே அதைப் பெண்ணுக்குக் கல்வியாக வகுத்தார். ஆணைப் போலப் பெண்ணை வளர்த்தால், அவளுக்கு ஆண்கள் மேல் உள்ள செல்வாக்குக் குறைந்துவிடும் என்று எச்சரிக்கவும் செய்தார்.

1792-இல் லண்டனில் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பெண்ணுரிமை பற்றித் தாம் எழுதிய நூலில் இந்த எச்சரிக்கையை அப்படியே எடுத்துக் காட்டினார். ரூசோவை ஆழ்ந்து படித்து, அவரைப் பெரிதும் மதித்தவர் அவர். அவருடைய மறுமொழி: "நான் குறிவைப்பதும் அதையேதான். பெண்களுக்கு ஆண்கள் மீது அதிகாரம் வேண்டும் என்று நான் விரும்பவில்லை. தங்கள் மீது வேண்டும் என்று விரும்புகிறேன்."